மாவிளக்கு மலையேறும் வரை

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது. சங்கரன்கோவிலில் ஒரு சிறிய குழந்தைகள் மருத்துவமனையில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் நாத்தனார் மகாவின் மகன் கிடந்தான். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. வாயில் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன. பெயர் கூட இன்னும் வைக்கவில்லை.

காலையில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "திருநெல்வேலியில இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் மானிட்டரைப் பார்த்துச் சொல்றதை வெச்சுத்தான் நாங்க மூச்சு மிஷினோட அளவை மாத்துறோம். விடிஞ்சதிலிருந்து நெட் லைன் இல்லை. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா பிள்ளையை ஆம்புலன்ஸ்ல அனுப்பித்தான் ஆகணும். இந்த எடையில அனுப்புறதும் ஆபத்துதான்."

அந்த லைனைச் சரிசெய்ய வேண்டியவள் நான்.

நான் எஞ்சினியரிங் படித்தவள். சங்கரன்கோவிலிலும் கரிவலம்வந்தநல்லூர், ராயகிரிப் பக்கமும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சிலிண்டரை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மகள் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு தடவை பார்த்தால் போதாது.

என் அத்தை, அதாவது மகாவின் அம்மா, மருத்துவமனை வாசலிலேயே கேட்டுவிட்டார். "ஏட்டி, ஊருக்கெல்லாம் நெட்டு குடுக்க. நம்ம பிள்ளைக்குக் குடுக்க முடியலியா?"

அலுவலகத்துக்கு ஓடினேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் அடித்த ஆடிக் காற்றில் எங்களுக்கு இணைப்புத் தரும் பெரிய நிறுவனத்தின் கேபிள் கம்பத்தோடு உரசி, விடியும்வரை விட்டு விட்டு வந்திருக்கிறது. காலையில் ஆட்கள் வந்து புதுக் கேபிள் இழுத்துவிட்டார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் உலகத்திலேயே இல்லை.

கணினி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் எந்தெந்த இணைய முகவரிகள் இருக்கின்றன என்று எங்கள் ரவுட்டர் அந்தப் பெரிய நிறுவனத்தின் ரவுட்டருக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அதை நம்பி மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பிறகுதான் எங்களுக்கு வரவேண்டியது எங்களிடம் வரும். இந்த ஏற்பாட்டுக்கு பிஜிபி என்று பெயர். எங்கள் ரவுட்டர் அறிவிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அது ஏன் வெளியே போகவில்லை என்பது தெரியவில்லை.

செல்போனை வைத்துச் சமாளிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. திருநெல்வேலியில் உள்ள மானிட்டர் அமைப்பு, மருத்துவமனையின் நிலையான முகவரியிலிருந்து வந்தால்தான் திறக்கும். அந்த முகவரி எங்களுடையது. மாற்றித் தர அவர்களுக்கு மறுநாள் வரை ஆகும் என்றார்கள். போனில் வீடியோ காட்டியதற்கு, "இதை வெச்சு காத்தோட அளவை மாத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்று ஸ்பெஷலிஸ்ட் சொல்லிவிட்டார்.

நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். போன வாரம் ஒரு வரி மாற்றியிருந்தேன். அதைப் பழையபடி ஆக்கினேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி எழுப்பினேன். வரவில்லை. பழையது தப்போ என்று புதியதையே போட்டேன். மறுபடி துண்டித்தேன், எழுப்பினேன். அறிவிப்பை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதி அனுப்பினேன். பெரிய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "எங்க பக்கம் லிங்க் அப்ல இருக்கு மேடம், உங்க சைடு செக் பண்ணுங்க" என்றது ஒரு பெண் குரல். என் பக்கம்தான் என்று உறுதியாகிவிட்டது. இன்னும் அவசரமாக மாற்றினேன்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். கேபிள் டிவி காலத்திலிருந்து தொழில் செய்கிறவர். ரவுட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "பயப்படாத மக்கா, பாரு, பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தப்புத் தப்பாக அடித்தேன்.

உச்சி நேரத்தில் மகா போன் செய்தாள். "மைனி, பக்கத்துப் பெட்டியில இருந்த பிள்ளையை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க."

அது பனவடலிசத்திரத்திலிருந்து வந்த முப்பிடாதி என்கிற பெண்ணின் குழந்தை. என் நாத்தனாரும் அவளும் ஒரே நாளில் பெற்றவர்கள். இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடிப்பார்கள்.

"நம்ம பிள்ளைக்கும் வண்டி சொல்லிரவான்னு கேக்காங்க. எங்க வீட்டுக்காரரு, நீங்க லைனைக் கொண்டு வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டாரு. மைனி, உங்களால முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.

போனை அத்தை வாங்கினார். "ஏட்டி, கோமதி அம்மைக்கு மாவிளக்கு போடுததா நேந்திருக்கேன். இவ பிள்ளை பெத்தவ, நான் பேறு பார்த்தவ. ரெண்டு பேருக்கும் தீட்டு. கோயில் வாசல்ல கால் வைக்கக் கூடாது. பிள்ளையோட அப்பா வீட்டுலயும் தீட்டு. நீ ஒருத்திதான் போகலாம். நடை திறந்ததும் போய் ஏத்திட்டு வா."

"அத்தை, இங்கன வேலையை விட்டுட்டு எப்படி வர?"

"உன் வேலைதான் காலையில இருந்து நடக்கே. என்ன கிழிச்ச?"

அழுதுவிட்டேன். கோபமும் இருந்தது. ஆனால் அத்தை சொல்லி நான் தட்டியதில்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"போய்ட்டு வா," என்றார். "நீ இருந்தாலும் இதேதான ஆவுது."

"நான் வாற வரைக்கும் எதையும் தொட்டுராதீங்க அண்ணாச்சி."

"நான் எங்கன தொட? எனக்கு அதுல லைட்டு எரியுதா இல்லையான்னுதான் தெரியும்."

நடை திறக்கும் நேரத்தில் கோமதி அம்மன் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆடி வெள்ளிக் கூட்டம். போகிற வழியில் ஆட்டோவிலும், அவசரத்துக்கென்று அலுவலகத்தில் தனி சிம் போட்டு வைத்திருந்த மோடம் வழியாகப் போனிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து இன்னொரு தடவை துண்டித்து எழுப்பிப் பார்த்திருந்தேன். கோவில் வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிட்டார்கள். போனைக் கொடுக்கும்போது பிள்ளையையே கொடுப்பது போல இருந்தது.

அடுத்த வீட்டு அக்கா பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து கொடுத்திருந்தார். நெய் ஊற்ற மாவில் வைத்திருந்த குழி பெரிதாக இருந்தது. நெய்யை முழுவதும் ஊற்றி, தடித்த திரியாகப் போட்டேன். ஏற்றிய பிறகுதான் உறைத்தது. மாவிளக்கை ஊதி அணைக்கக் கூடாது. தானாக மலையேறும் வரை எழுந்திருக்கவும் கூடாது. இவ்வளவு நெய் எரிந்து தீர எவ்வளவு நேரம் ஆகும்? நாலு சொட்டு ஊற்றியிருந்தால் போதுமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கும்பிட வரவில்லை. மனசு முழுக்க ரவுட்டரில் அடிக்கும் கட்டளைகளே ஓடின. பக்கத்தில் விளக்குப் போட்டிருந்த ஒரு பெண் என் மடியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னத்தா, விரலு இந்த ஓட்டம் ஓடுது? அம்மைக்கு லெட்டர் அடிக்கியா?"

அப்போதுதான் பார்த்தேன். சேலை மேல் என் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தேன். அடக்க முடியவில்லை. அங்கேயே உடைந்து அழுதேன்.

"அம்மா, எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். எது சரி எது தப்பு என்று எனக்கே தெரியவில்லை. நான் செய்யச் செய்யக் கெடுகிறது. என் கையை எடுத்துவிடு. நீ பார்த்துக்கொள்."

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. சுலோகம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படி நான் சும்மா இருந்து வருஷங்கள் ஆகியிருந்தன. சுடர் மெல்லச் சிறுத்தது. கடைசியில் ஒரு நூல் போலப் புகை எழுந்து நின்றது.

வெளியே வந்து போனை வாங்கினேன். எடுத்த உடனே அண்ணாச்சி கத்தினார். "மக்கா, வந்துட்டு! ராயகிரி, கரிவலம் எல்லாம் வந்துட்டு! அங்கன இருந்துக்கிட்டு நீ என்ன செஞ்ச?"

"ஒன்னும் செய்யல அண்ணாச்சி."

மருத்துவமனைக்கு ஓடினேன். ஸ்பெஷலிஸ்ட் மானிட்டரைப் பார்த்து மிஷினின் அளவை மாற்றச் சொல்லியிருந்தார். பிள்ளையின் நெஞ்சு கொஞ்சம் இளகி ஏறி இறங்கியது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இருட்டும் முன் பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு சீனியர் எஞ்சினியர் பேசினார். காரணம் அப்போதுதான் தெரிந்தது. ஓர் அறிவிப்பு வருவதும் போவதுமாக இருந்தால் அவர்களுடைய ரவுட்டர் அதன் பேரில் தண்டனைப் புள்ளி போடும். புள்ளி ஏறினால் அந்த அறிவிப்பை நம்பாமல் ஒதுக்கி வைக்கும். தொந்தரவு இல்லாமல் விட்டால் புள்ளிகள் தாமாகக் குறைந்து, மறுபடி ஏற்றுக்கொள்ளும். காற்றில் கேபிள் ஆடியபோதே ஒதுக்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் துண்டித்து எழுப்பிய ஒவ்வொரு தடவையும் புள்ளி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. "நீங்க தொடாம விட்டிருந்தா காலையிலயே வந்திருக்கும் மேடம்" என்றார்.

இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

என் கணவர் கேட்டார். "அப்போ நீ ஆபீஸ்ல சும்மா உக்காந்திருந்தாலும் வந்திருக்கும்லா?"

"நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன்லா," என்றேன்.

முப்பிடாதியின் குழந்தை திருநெல்வேலியில் இறந்துவிட்டது.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். விட்டால் இது சாட்சி ஆகாது. லைன் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது வேற கேஸும்மா. இதயத்திலேயே கோளாறு" என்றார். உண்மையைச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றும் யோசிக்கிறேன். அவளும் அன்று அதே அம்மையைத்தான் கூப்பிட்டிருப்பாள். என் விளக்கைப் பார்த்தவள் அவளை ஏன் பார்க்கவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதவும் மாட்டேன்.

எங்கள் பிள்ளை பல வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். சங்கரநாராயணன் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு நாள் பஸ் ஏறிப் பனவடலிசத்திரம் போனேன். முப்பிடாதி களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி, அன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். என் கையால் தாமதமானதையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள். "மகாக்கா பிள்ள பால் குடிக்கானா?"

"குடிக்கான்."

"அம்மை அவனையாவது வச்சிருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டது கிடைத்த நான் நம்புவது பெரிதில்லை. இழந்தவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

இப்போது மகள் தூங்கினால் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். சில நாள் இரண்டு தடவை. வெள்ளிக்கிழமை தவறாமல் சன்னதிக்குப் போகிறேன். இதைப் படிக்கிற அம்மையின் பிள்ளைகளே, முடிந்த வேலையை முழுவதும் செய்யுங்கள். செய்ய முடியாத இடம் வரும்போது பயந்து கிளறாதீர்கள், அவளிடம் விட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லுங்கள். அந்த நன்றியோடு, பனவடலிசத்திரத்து முப்பிடாதிக்கு மடி நிறைய வேண்டும் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.