சிஸ்டர் செல்வி இறக்கிவைத்த பிரஷர்

இன்று காலை எனக்குக் கண்புரை ஆபரேஷன். பிரஷர் அதிகம் என்று ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் அனுப்பினால், பேத்திக்குப் பெயர் வைக்கும் நாளில் அவள் முகமே எனக்குப் பனிமூட்டமாகத்தான் தெரியும்.

என் கையில் பிரஷர் பட்டை சுற்றிய சிஸ்டர் செல்வி நம்ம ஹனூர் ஊர்த் தமிழ்ப் பெண். மெஷின் நூற்றெண்பது காட்டியது.

"தியானமெல்லாம் எனக்கு அத்துப்படிம்மா. பாதி மைசூருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள், பேசுனாலே பிரஷர் ஏறுமுங்க. வாயை மூடிட்டு, மூச்சு போறதையும் வர்றதையும் மட்டும் பாருங்க."

"கெட்ட நினைப்பு வந்தா?"

"வரட்டுமுங்க. அதோட சண்டைக்குப் போகாம, திரும்ப மூச்சுக்கே வந்துருங்க."

இத்தனை வருஷமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நினைப்புகளை விரட்டிக்கொண்டிருந்தேன்! இன்று ஊசி நினைப்பு வந்தது, கத்தி நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டன. பத்தே நிமிடத்தில் வார்டு முழுக்க மேல்கோட்டை மலை உச்சி மாதிரி அமைதி. மறுபடி பார்த்தால் நூற்று முப்பது! டாக்டரே எழுந்து நின்று கைகொடுத்தார்.

எத்தனையோ சாமியார்களைப் பார்த்திருக்கிறேன். செல்விக்கு ஈடாக ஒருவரும் இல்லை.

ஒரு கண்ணில் கட்டோடு நான் சொல்லச் சொல்ல, என் மனைவிதான் இதை டைப் செய்கிறாள். டாக்டர் எழுந்திருக்கவே இல்லை என்கிறாள்.

"தினமும் அந்தப் பத்து நிமிஷம் வாயை மூடிட்டு உக்காருங்க, என் பிரஷரும் இறங்கும்" என்கிறாள்.

உங்கள் வீட்டில் யார் வாயை மூடினால் யாருக்கு பிரஷர் இறங்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.