நயினாதீவுக் கடலில் ஓர் ஆறு

தீவுப்பகுதியில் நீந்திக் குளிக்க நல்ல இடம் எது என்று சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. அங்கே நான் முதலில் போனது 1974 பங்குனியில். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இன்னும் தொடங்காத மாதம். கடல் அப்போதுதான் சாதுவாக இருக்கும்.

நான் கம்பளையில் பிறந்து, மகாவலியில் நீந்தி வளர்ந்தவள். என் கணவருக்குச் சொந்த ஊர் புங்குடுதீவு; கம்பளையில் கடை வைத்திருந்தார். கடையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட அவருக்கு ஆசை. "ஆறில்லாத ஊருக்கு நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். வீம்புதான். ஆனால் கிணற்றடியில் வாளித் தண்ணீரோடு காலம் தள்ளுவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

"ஒருக்கா வந்து பாரும். பிடிக்காட்டி கடையிலயே இருப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவுத் துறைக்கு ஏறக்குறைய இருபது மைல். பண்ணைப் பாலம் தாண்டினால் பஸ்ஸின் இரு பக்கமும் முழங்காலளவுக் கடல்தான். அங்கிருந்து நயினாதீவுக்குப் போகும் காலை எட்டு மணி வள்ளத்தில் ஏறினோம். ஆளுக்கு ஐம்பது சதம், இருபது நிமிட ஓட்டம். நடுவில் தண்ணீர் தெற்கு நோக்கி வடிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீரே, இதுதான் எங்கட ஆறு" என்றார்.

சிரித்தேன். ஆனாலும் மனம் கொஞ்சம் இளகியது.

நயினாதீவு அம்மன் கோயிலில் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, களைப்பாறிய பிறகு, வள்ளம் வந்த துறைக்குத் தெற்கே ஆளில்லாத கரையொன்றுக்கு வந்தோம். ஆற்றுக்காரிக்கு ஒரே கணக்குத்தான்: மேலே இறங்கி, ஓட்டத்தோடு போய், கீழே ஏறுவது. சேலையை அவரிடம் கொடுத்து, இன்னும் தெற்கே, ஒரு கூப்பிடு தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பாவாடையை மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு இறங்கினேன். அவருக்கு நீந்தத் தெரியாது. தீவில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர்!

கொஞ்ச நேரம் நீந்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அவர் சின்னதாகிக்கொண்டே போகிறார். தண்ணீர் வடக்கே ஓடுகிறது. மகாவலி ஒருநாளும் மேல்நோக்கி ஓடியதில்லை. நீர் வற்றுவதும் பெருகுவதும் மாறி மாறி வர, இந்தக் கடல் திரும்பி ஓடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எதிர்த்து அடித்தேன். கை சோர்ந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன். பிறகு புத்தி வந்து, ஓட்டத்தோடு போகவிட்டு, கரைப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நீந்தினேன்.

துறையை நெருங்கும்போது, எனக்கு முன்னால் நெஞ்சளவு தண்ணீரில் அவர் நின்றார். கரையோடு ஓடி என்னை முந்தியிருக்கிறார். முகத்தில் இரத்தமே இல்லை. என் சேலையை மட்டும் நனையவிடாமல் ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கையைத் தாரும்! கையைத் தாரும்!"

பிடித்துக்கொண்டேன். வள்ளத்திலிருந்த ஓட்டி எட்டிப் பார்த்து, "பிள்ளை, தீர்த்தமாடினது காணும், ஏறும்!" என்று சிரித்தார்.

வள்ளத்தில் திரும்பும்போதும் அவர் என் கையை விடவில்லை. "எனக்கு இது ஏலாது. நாங்கள் கம்பளையிலயே இருப்பம்" என்றார்.

"இல்லை, நீங்கள் இஞ்ச வீட்டைக் கட்டுங்கோ" என்றேன்.

போகிறவர்கள் பங்குனி, சித்திரையில் போங்கள். இறங்குமுன் ஓர் ஓலைத்துண்டைப் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்; காலையில் கண்டதை மாலையில் நம்பவேண்டாம். கரையில் கட்டாயம் ஒருவரை நிறுத்துங்கள். நீந்தத் தெரியாதவர் என்றாலும் பரவாயில்லை, இறங்குகிறவராக இருந்தால் போதும்.