நங்கையா பிடித்த வாளை

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் நங்கையா மீன் கதையை ஆரம்பிப்பார். கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். கனடாவின் மேற்குக் கடற்கரையில் பாதி ஆயுளைக் கழித்தவர், விவாகரத்தாகித் தாராபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். அங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கயாக் என்ற ஒடிசலான துடுப்புப் படகில் தனியாகக் கடலுக்குள் போய் ஹாலிபட் பிடிப்பாராம். நம் ஊர் நாக்கு மீன் மாதிரி தட்டையானது, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும், ஆனால் கதவு அகலத்துக்கு வளரும். உயிரோடு படகுக்குள் இழுத்தால் துள்ளியே ஆளின் காலை ஒடித்துவிடும். அதனால் தண்ணீரில் இருக்கும்போதே ஈட்டியால் குத்தி, வாலில் கயிறு மாட்டிப் படகோரமாகக் கட்டி, செவுளை அறுத்துவிட வேண்டும். ரத்தம் வடிந்து முடியும்வரை அது படகுக்குப் பக்கத்திலேயே நீந்தப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்லும்போது நங்கையா என் மாமியாரைத்தான் பார்ப்பார். மாமியார் இலையை மடித்துவிட்டு எழுந்து போகும்வரை சொல்வார். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுவார்.

அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். நங்கையா பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே மாமியார், யாராவது கேட்டால் லீவுக்கு வந்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். லீவு நீண்டுகொண்டே போனது. அந்த வருஷம் என் மகள் பெரியவளாகிச் சீர் வைத்தோம். அத்தைக்காரிதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நங்கையா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சொம்பை எடுக்கக் குனிந்தபோது, உறவு முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருக்க, மாமியார் சாதாரணக் குரலில் சொன்னார்.

"நீ வெச்சுரு கண்ணு. வாழாம வந்தவ ஊத்துனா புள்ளைக்கு ஆகாது."

என் கணவர் பந்தல்காரரிடம் ஏதோ கேட்கப் போனார். நங்கையா சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காய்க் கிடங்குக்குள் போனார். சீர் முடிந்து கடைசி வண்டி கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நான் தட்டில் சாப்பாடு கொண்டு போனேன். அதை வாங்கி எனக்கு முன்னாலேயே நாய்க்கு வைத்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஏறக்குறைய என் வயதுதான். அந்த வீட்டில் மாமியாருக்குப் பயப்படாத ஒரே ஆள். ஒருநாள் காலையில் என்னிடம் வந்து, அணைக்கு மீன் பிடிக்கப் போகலாம், துணைக்கு வா என்று கூப்பிட்டபோது அடுப்பை அணைத்துவிட்டு உடனே கிளம்பினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து துணைக்கு வா என்று என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

ஊருக்குத் தெற்கே சின்ன அணை ஒன்று இருக்கிறது. மீன் குத்தகை எடுத்திருந்தவர் என் கணவருக்கு வேண்டியவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. நங்கையா காரிலிருந்து ஒரு ரப்பர் மூட்டையை இறக்கினார். கனடாவிலிருந்து சூட்கேஸில் மடித்துக் கொண்டுவந்த படகு. காற்றடித்ததும் நீளமாக, சிவப்பாக எழுந்து நின்றது. பரிசல்காரர்கள் இரண்டு பேர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. அதை என்மேல் மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினார்.

"நீ செத்தீன்னா என்ற தம்பி என்னைக் கேப்பான். நான் செத்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் முன்னால், அவர் பின்னால். துடுப்பு அவரிடம். அவர் வலிக்கிற வேகத்தில் கரைப் பனைமரங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. பழைய ஆற்றின் பள்ளம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். டப்பாவில் உயிரோடு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. தூண்டில் நூலின் நுனியில் ஒரு கம்பி, அதில் மேலும் கீழுமாக இரண்டு முள் கட்டியிருந்தார். மேல் முள்ளைக் குஞ்சின் முதுகிலும், கீழ் முள்ளை வாலுக்குப் பக்கத்திலும் குத்த வேண்டும். முதுகெலும்பில் பட்டால் செத்துவிடும், செத்ததை நாங்கள் தேடி வந்த வாளை மீன் தொடாது. என்னையே குத்தச் சொன்னார். நான் தயங்கியபோது என் விரலைப் பிடித்து அழுத்திக் குத்த வைத்தார். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது. நல்லாத் துடிக்குது, இப்படித்தான் துடிக்கோணும் என்றார்.

இழுவை வந்தபோது படகே திரும்பியது. நங்கையா முட்டி போட்டு உட்கார்ந்து கழியைத் தூக்கிப் பிடித்தார். மீன் ஆழத்துக்குப் போனது, நின்றது, மறுபடி போனது. அவர் முகம் இளமையாகிவிட்டது. கடைசியில் தண்ணீருக்கடியில் வெள்ளையாக ஒன்று புரண்டது. வாளை. என் இடுப்பு உயரம் இருக்கும். கண்ணைத் தாண்டிப் பிளந்த வாய், இரண்டு பக்கமும் நீண்ட மீசை. கம்பியைப் பிடித்து இழு என்று கத்தினார். நான் குனிந்து பிடித்தேன். மீன் தலையை ஒரு உதறு உதறியது.

கீழ் முள் மீனின் தாடையில் இருந்தது. கழன்று தொங்கிய மேல் முள் என் வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, முழுக்க ஏறியிருந்தது. அது எனக்குப் புரிவதற்குள் மீன் கீழே பாய்ந்தது. என் கை தோள்வரை தண்ணீருக்குள் போனது. நெஞ்சு படகின் விளிம்பில் மோதி, முகம் தண்ணீரைத் தொட்டது.

"கம்பியக் கட் பண்ணுங்க நங்கையா. கையில முள் ஏறிப்போச்சுங்க" என்றேன்.

கட்டிங் பிளேயர் அவர் இடுப்புப் பையில் இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். முள்ளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கட் பண்ணுனா மீன் போயிருமே, அம்மணி" என்றார் மெதுவாக. "கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன் என்பதைவிட, வேறு எதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான் சரி. மீன் பாயும்போதெல்லாம் அதன் எடை முழுக்க என் உள்ளங்கையில் தொங்கியது. சதை கூடாரம் மாதிரி எழும்பி நிற்பதைத் தண்ணீருக்குள் பார்த்தேன். மீன் மேலே வந்தால் வலி குறைந்தது. அதனால் நான் அதன் தலை திரும்பும் பக்கமெல்லாம் கையைக் கொடுத்தேன். அதுவும் நானும் ஒரே கம்பியில் இருந்தோம். நங்கையா அவசரப்படவில்லை. நூலை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து அதைக் களைக்க வைத்தார். தூரத்திலிருந்து ஒரு பரிசல்காரர் வரட்டுமா என்று குரல் கொடுத்தார். நங்கையா சிரித்தபடி வேண்டாம் என்று கையாட்டினார்.

மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. துணி துவைக்கிற கட்டை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். அதைக் கொண்டு மீனின் மண்டையில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கம்பி அதிர்ந்து என் கைக்குள் முள் திரும்பியது. அது அடங்கிய பிறகும் அடித்தார். பிறகு செவுளுக்குள் கயிற்றை விட்டுப் படகில் கட்டி, முடிச்சை இழுத்துச் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் பிளேயரை எடுத்துக் கம்பியைத் துண்டித்தார். கரைக்கு வரும்வரை அவர் ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே துடுப்பு வலித்தார்.

தாராபுரத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் முள்ளை அறுத்து எடுத்தார். எவ்வளவு நேரமாக உள்ளே இருந்தது என்று கேட்டதற்கு நங்கையா, இப்பத்தானுங்க, குத்துன ஒடனே கூட்டியாந்துட்டேன் என்றார். என்னை உட்கார வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போனார். மீனுக்கு.

வீட்டில் அன்று திருவிழாவாக இருந்தது. வாசல் வேப்பமரத்தில் மீனைத் தொங்கவிட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். மாமியார் கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்து, ஒவ்வொருவரிடமும், "என்ற மக புடிச்சதுங்க" என்று சொன்னார். நங்கையா ஊர் திரும்பியதிலிருந்து மாமியார் வாயில் மக என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. முதல் துண்டை மகளின் இலையில் வைத்தார். நங்கையா தலை குனிந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

என் கணவர் கட்டுப் போட்ட கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை அக்கா விடவில்லை, இல்லாவிட்டால் இன்றைக்கு வெறும் சோறுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனேன். நாலு பேர் முன்னால் பீச்சாங்கையில் சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும், சமையல்கட்டில் போய்ச் சாப்பிடு கண்ணு என்றார் மாமியார். சமையல்கட்டில் தலையும் வாலும்தான் மிச்சமிருந்தன. அதன் தாடையில் என் முள்ளுக்கு ஜோடியான முள் அப்படியே இருந்தது.

மறுநாள் கட்டு மாற்ற நங்கையாதான் வந்தார். பஞ்சை அலுங்காமல் எடுத்தார், இதமாக மருந்து போட்டார். அவ்வளவு பதமான கை அவருக்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஏன் கம்பியை வெட்டவில்லை என்று கேட்டேன். அவர் மருந்து மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நீ அளுவேன்னு பாத்தேன். அளுதிருந்தா அப்பவே வெட்டியிருப்பேன்" என்றார். "இந்த ஊட்ல யாராச்சும் ஒருத்தர் அளுகறதப் பாக்கோணும்னு இருந்துச்சு. நீ பல்லக் கடிச்சுட்டுக் கெடந்த. ஆத்திரமா வந்துச்சு."

"என்ற புள்ள சீர்ல நடந்ததுக்கா?" என்றேன்.

"எதுக்கோ. உனக்கு என்ன வந்துச்சு?" என்று எழுந்து போனார்.

கை பழுத்தது. இரண்டாம் முறை அறுத்தார்கள். ஆள்காட்டி விரல் இன்றுவரை மடங்காது. சோற்றைப் பிசைந்தால் அது மட்டும் எதையோ காட்டுவதுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். உறவுக்காரர்கள் வந்தால் நங்கையா அந்தக் கதையைச் சொல்வார். அவர் சொல்லும் கதையில் நான் குய்யோ முறையோ என்று அலறி ஊரைக் கூட்டினேன்.

மாமியாரின் அன்பு அந்த மீனின் வாசனை போவதற்குள் போய்விட்டது. அடுத்து ஒரு கல்யாணம் வந்தது, பத்திரிகை வைக்க வந்தவர்கள் முன்னால் மகளை உள்ளே போகச் சொன்னார். மழைக்காலத்தில் நங்கையா ஏதோ வேலையாகக் கோயம்புத்தூர் போய்ச் சில நாள் தங்கியிருந்தார். அப்போது மாமியார் ஆளைக் கூப்பிட்டு, நெல் பத்தாயத்துப் பக்கம் மடித்து வைத்திருந்த படகை எடுக்கச் சொன்னார். மாட்டுக்கு அடுக்கி வைத்த சோளத்தட்டுப் போர் நனைகிறது, மூட வேண்டும். அகலம் போதவில்லை என்று அரிவாளால் நெடுக்கக் கிழித்து விரித்தார்கள். நான் தடுத்துப் பார்த்தேன். அவ வந்து என்னத்தப் புடிக்கப் போறா என்றார் மாமியார்.

நங்கையா திரும்பி வந்து காரை நிறுத்தியதும் முதலில் போரைத்தான் பார்த்தார். பக்கத்தில் போய்க் கிழித்த ஓரத்தை விரலால் தடவினார். காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருந்தார்கள். ஒரு கல் சரிந்திருந்தது. அதை எடுத்துச் சரியாக வைத்தார். அந்த வாரமே டிக்கெட் போட்டுக்கொண்டு கனடாவுக்கே திரும்பிவிட்டார். விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். கட்டிப்பிடித்து என் விறைத்த விரலை மடக்கிப் பார்த்தார். வலிக்குமளவுக்கு மடக்கினார்.

இப்போது அங்கே ஒரு கடையில் வேலை. புதுப் படகு வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே காலையில் கடலுக்குள் போனதும் எனக்குப் போன் செய்வார். இங்கே விளக்கு வைக்கிற நேரம். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவேன். அலை படகில் தட்டுகிற சத்தம் கேட்கும். ஹாலிபட் கடித்தால் பேச்சை நிறுத்திவிடுவார், நானும் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஏன் எடுக்கிறேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. வேறு யாரும் எனக்குப் போன் செய்வதில்லை.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, அடுத்த அறையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் நான்தான். காது மட்டும் கூர்மையாக இருக்கிறது. போன வாரம் நங்கையா பேசிக்கொண்டிருக்கும்போது, அம்மாவிடம் கொடுக்கட்டுங்களா என்று கேட்டேன். துடுப்பைப் படகுக்குள் வைக்கிற சத்தம் கேட்டது.

"வேண்டா அம்மணி. மீன் கடிக்குது" என்று வைத்துவிட்டார்.

உள்ளே போனேன். மாமியார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி வைத்திருந்தார். யாரோ புதிதாகச் சீவிவிட்டதுபோல் முன்மயிரைக் கையால் படிய வாரியிருந்தார்.

"அவதான? என்னையக் கேட்டாளா?"

"இல்லீங்க அத்தை. கேக்கலீங்க" என்றேன்.

அவர் தலையைத் தலையணையில் வைத்தார். சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துத் திருப்பினேன். வலித்திருக்க வேண்டும், ஆனால் சத்தம் வரவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, நறுக்கிய காய் கறுத்துவிடும் என்று சமையல்கட்டுக்குப் போனேன்.