பிரசவ டாக்டராகப் போன பாதை

பிரசவ வைத்தியத்தில் நோயாளிகள் இரண்டு பேர், யோசனை சொல்ல வருகிறவர்கள் இருபது பேர். இந்தத் தொழிலில் என்னைப் போலவே வந்து மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் சென்னையில் எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பை முடித்துவிட்டு நான் ஊர்ப்பக்கம் திரும்பியபோது எனக்கு இருபத்து நாலு வயது. ஆவுடையார்கோவிலுக்கும் கட்டுமாவடிக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மூன்று கட்டில், ஒரு கம்பவுண்டர், ஆரோக்கியம் என்று என் வயதில் ஒரு நர்ஸ். பிரசவ வைத்தியத்தை மேலே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். சென்னையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு டாக்டராக ஒரு வருஷம் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் விண்ணப்பம் போடுகிறவள் தன் கையால் முப்பது பிரசவமாவது பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். முப்பதுதானே, ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு புது நோட்டு ஒன்று வாங்கினேன்.

முதல் அழைப்பு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு சம்சாரி வில்வண்டி கொண்டுவந்தார். மகளுக்கு இடுப்பு வலி கண்டிருக்கிறது, டாக்டரம்மா வர வேண்டும் என்றார். ஆரோக்கியமும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வழியெல்லாம் நான் பாடப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. முதலில் கழுத்தைப் பார்த்தார்கள், அப்புறம் கால்விரலைப் பார்த்தார்கள். பிறகு ஆரோக்கியத்தை மட்டும் உள்ளே விட்டார்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருந்தான்.

நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு உரல்மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஆரோக்கியம் நன்றாகவே பார்த்திருந்தாள். புறப்படும்போது பெண்ணின் தாயார் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கனிவாகத்தான் சொன்னாள்: "ஒனக்கு ஒரு கல்யாணம் ஆகி, ரெண்டு பெத்ததுக்கு அப்புறமா வா தாயி. நானே வண்டி அனுப்புறேன்."

கம்பவுண்டரின் வைத்தியம்

நாலு மாதத்தில் என் நோட்டில் இரண்டு பிரசவம்தான் ஏறியிருந்தது. அதில் ஒன்று கம்பவுண்டர் கோவிந்தசாமியின் மைத்துனியுடையது. அவர் மனைவி வீட்டாரிடம் சண்டை போட்டு அவளை அழைத்துவந்திருந்தார். மனுஷர் பத்து வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் இருப்பவர். ஒருநாள் காலையில் அறந்தாங்கிக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு ஜோடி மெட்டி, மஞ்சள் கயிறு ஒன்று.

"நாங்கள் மெட்டி போடுகிற ஜாதி இல்லை, கிறிஸ்தவ வேதக்காரர்கள்" என்றேன். "அது அவங்களுக்குத் தெரியவா போகுது? மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போயிருக்காருன்னு நான் பார்த்துச் சொல்லிக்கிறேன்" என்றார். சண்டை நடக்கிற காலமானதால் யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் இந்த ஒரு பொய்யோடு வீட்டுக்குள்ளே போனால், அப்புறம் உப்பைக் குறை, கால் வீங்கினால் சொல்லியனுப்பு என்று நான் சொல்கிற நிஜத்தை எதற்காக நம்புவார்கள்? பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வலி கண்ட பிறகு அவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள், அதற்கு முன்னாலேயே நாம் அவர்களைத் தேடிப் போவோம் என்றேன். சந்தைக்கு வருகிற கர்ப்பிணிகளை மறித்து நாடி பார்ப்பது, நாற்று நடுகிற வயல் வரப்பிலேயே உட்கார வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது என்று திட்டம் சொன்னேன். கோவிந்தசாமி பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வெயில்லே அலைஞ்சு நீங்க படுத்துக்கிட்டீங்கன்னா அதுக்கு மருந்து இங்கே ஸ்டாக்கு இல்லே, பார்த்துக்கங்க" என்றார்.

கட்டுமாவடியில் இரண்டு பேர்

அப்படி நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்களில் ஒருத்தி கட்டுமாவடி ராக்கம்மா. மீன் கூடையோடு சந்தைக்கு வந்தவள். உள்ளே இரண்டு இருக்கிறது, வலி எடுத்ததும் ஆள் அனுப்பு என்று சொல்லியிருந்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். ஒருநாள் காலை எட்டு மணிக்கு அவள் புருஷன் காளிமுத்து கடல் தண்ணி சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். விடியும்போதே ஒரு குழந்தை பிறந்துவிட்டது, இப்போது இன்னொன்றின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்றான். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கால் பக்கமாக எடுக்க வேண்டும். சென்னையில் இரண்டு தடவை அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செய்ததில்லை.

அங்கேயும் வாசலில் அதே கதைதான். "கல்யாணம் ஆகாத பொண்ணாமே" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து ராக்கம்மாவே குரல் கொடுத்தாள்: "அவ கழுத்தைப் பார்த்து எனக்கு என்னடி ஆகப்போகுது. கையைக் கழுவிட்டு வரச் சொல்லு." முழங்கை வரைக்கும் லைசால் போட்டுக் கழுவினேன். ஆரோக்கியம் துணியில் குளோரோபாரம் சொட்டுவிட்டு அவளை மயக்கத்தில் வைத்தாள். உள்ளே என் கைக்கு முதலில் கிடைத்தது பாதமா, இன்னொரு கையா என்று தெரியவில்லை. குதிகால் தட்டுப்பட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. காலைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். நீலம் பாரித்துத் துவண்டு வந்த குழந்தையின் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்தேன். ஆரோக்கியம் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள். அவள் பாதி ஜெபத்தில் இருக்கும்போது அது அழுதது.

அந்த ஊர் மருத்துவச்சி பேச்சி அவ்வளவு நேரமும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குழந்தையை எடுத்தவள் அவள்தான். நான் நோட்டை எடுத்து எழுதியதைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் நீயே எழுதிக்கிறியா?" என்று கேட்டாள். முதல் பிள்ளை உன்னுடையது, இரண்டாவதுதான் என்னுடையது, அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று படித்துக் காட்டினேன். பேச்சி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊருக்குள்ளேயும் அப்படியே சொல்லு தாயி. சிக்கலா இருக்கறதை இனிமே ஒன்கிட்ட அனுப்புறேன். சுலுவா இருக்கறது எனக்குப் போதும்."

கரி பஸ்

பேச்சி சொன்ன சொல் தவறவில்லை. சிக்கல்கள் வரத் தொடங்கின. நோட்டு நிறைந்துகொண்டு வந்தது. அதில் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றையும் எழுதி வைத்தேன்.

சின்னப்பொண்ணு என்பவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடியானவர் மனைவி. தலைப்பிரசவம். ஆள் குள்ளம், இடுப்பெலும்பு குறுகல். ஒரு முழுநாள் வலிக்குப் பிறகு கொண்டுவந்தார்கள். வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்கு அப்படி அறுத்து எடுக்கத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே அதற்கு வசதி கிடையாது. புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது. டிரைவர் மற்றவர்களை முன்பக்கம் நெருக்கி உட்காரச் சொல்லி, பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்தார். நான் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அறந்தாங்கி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், உச்சி வெயிலில், பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் கரியைக் கிளறினார். பிரயாணிகள் எல்லோரும், ஒரு கிழவர் உட்பட, இறங்கித் தள்ளினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மறுபடி பஸ் கிளம்பும்போது அவள் என் கையை விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து சிதம்பரம் என்கிற அவள் புருஷன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கோவிந்தசாமி வாசலில் போய் நின்றுகொண்டார். சிதம்பரம் சண்டை போடவில்லை. "அறுத்து எடுக்கத் தெரிஞ்சவங்க இங்கிட்டே இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பாளா?" என்று மட்டும் கேட்டார். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "பிழைத்திருப்பாள்" என்றுதான் வந்தது. அவர் தலையை ஆட்டினார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப நீங்க போயி அதைப் படிச்சிட்டு வாங்க."

திருச்சி மாப்பிள்ளை

ஒருவழியாக முப்பதும் முடிந்து, விண்ணப்பம் போட்ட மாதத்தில்தான் பொன்னமராவதியிலிருந்து அப்பா கடிதம் எழுதினார். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். திருச்சியில் ரயில்வே கிளார்க் வேலை பார்க்கிற பையன் ஒருவன், தங்கமான குடும்பம், பெண் பார்க்க வருகிறார்கள், லீவு போட்டு வா. போனேன். பையன் நல்ல மாதிரிதான். கீழே பார்த்தபடியே பேசினான். கண் டாக்டராக இருந்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லையே என்றான். படித்துமுடித்த பிறகு கல்யாணம் என்றால் எனக்குச் சம்மதம், பிரசவத்தை விடச் சொன்னால் சம்மதமில்லை என்றேன்.

அவன் அம்மா அப்பாவிடம் திரும்பினாள். "வாத்தியாரே, பிரசவ அறையிலே போட்ட கையாலே நாளைக்கு உங்க பொண்ணு எங்க வீட்டிலே சோறு போடுமே, அதை யோசிச்சீங்களா?" என்றாள். அப்பா என் பக்கமா, அவர்கள் பக்கமா என்று அதுவரை எனக்கே தெரியாது. என் அம்மா இறந்த பிறகு, நான் ஊருக்கு வந்தால் வீட்டில் சமையல் என் கைதான். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "நேத்திலேருந்து அந்தக் கையாலேதான் நான் சாப்பிடுறேங்க. இப்ப நீங்க சாப்பிட்ட கேசரியும் அந்தக் கைதான்."

மூன்று நாற்காலி

சென்னையில் நேர்முகப் பரீட்சை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: இரண்டு ஆண் டாக்டர்கள், நடுவில் தலை நரைத்த ஒரு பெண் டாக்டர். அவர்தான் தலைவி. ஒருவர் பாடத்தில் கேட்டார், சொன்னேன். இன்னொருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இடத்தை உனக்குக் கொடுத்து, ஆறு மாதத்தில் நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டமில்லையா?" என்றார். பணிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதெல்லாம் மறந்துவிட்டது. "எங்கள் பக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். இங்கே கல்யாணம் ஆகிவிடும் என்று விட மாட்டேன் என்கிறீர்கள். எந்த ஊரில் போய் நான் வைத்தியம் பார்ப்பது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றேன்.

தலைவி என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு பக்கத்தில் நிறுத்தினார். "இது பிரசவமே ஆகவில்லையே. இதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. எதற்காக எழுதினாய்?" என்று கேட்டார். "அதை மட்டும் எடுத்துவிட்டால், நான் எதற்காக இங்கே வந்தேன் என்று நோட்டைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது" என்றேன். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வந்துவிடு. நகத்தை இன்னும் ஒட்ட வெட்டிக்கொள்."

ஒன்றாம் தேதி

ஆறரைக்கே போய்விட்டேன். புதுக் கோட்டு, கஞ்சி போட்டு விறைத்து நின்றது. வார்டில் நான் நினைத்ததைப்போல யாரும் என்னை வரவேற்கக் காத்திருக்கவில்லை. பிரசவ அறையில் எட்டுக் கட்டில், பதினோரு பெண்கள். மூவர் தரையில் பாய்மேல். யாரைக் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். எனக்கு வேண்டியது இதுதான், இதற்காகத்தான் வயல் வரப்பெல்லாம் அலைந்தேன். ஆனாலும் அந்த நிமிஷத்தில் ஓடிவிடலாமா என்றிருந்தது.

வாளியோடு போன ஆயா ஒருத்தி நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் யார், எந்த ஊர், எனக்கு ஆகிவிட்டதா ஆகவில்லையா என்று ஒன்றும் கேட்கவில்லை. மூலைக் கட்டிலைக் காட்டிச் சொன்னாள்: "இன்னா டாக்டரம்மா நின்னுக்கினு கீறே, அதோ தலை தெரியுது பாரு, போய்ப் புடி."

ஒரு பிள்ளை வந்து சேர்வதற்குப் பத்து மாதம் போதும் என்றாலும், அதை வாங்கிப் பிடிக்கிற இடத்துக்கு நான் வந்து சேர்வதற்கு முழுசாக மூன்று வருஷம் பிடித்தது.