இரண்டாவது குனிவு

அக்டோபர் நடுவாக்கில் ஆர்லின் ஹாக்ஸ்ருட் தன் ரோஜாச் செடிகளை உயிரோடு புதைப்பார். கிளைகளைச் சணல் கயிற்றால் கட்டி, ஒரு பக்கத்து வேரை மட்டும் மண்வெட்டியால் தளர்த்தி, செடியை மெதுவாகச் சாய்த்து, பக்கத்தில் வெட்டிவைத்த பள்ளத்தில் படுக்கவைத்து மண்ணைத் தள்ளி மூடுவார். மேலே காய்ந்த இலை மூட்டைகள். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார். மினசோட்டாவில் ரோஜா வளர்க்கிற பலரும் செய்கிற காரியம்தான். ஆனால் அறுபத்திரண்டு செடிகளை வரிசையாகப் படுக்கவைப்பவர் டுலூத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். புதிதாக வந்த பாஸ்டர் முதல் வருஷம் அந்த வழியாக நடந்துபோகும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். பாஸ்டர் இதை மறுத்ததில்லை.

ஆர்லின் முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டியவர். ஊர்ப் பனியையெல்லாம் ஒதுக்கித் தள்ளியவர், தன் வீட்டுப் பனியை மட்டும் ஒரு கைப்பிடிகூட வெளியே விடமாட்டார். நடைபாதையில் விழுந்ததையும் அள்ளி ரோஜாக்களின் மேல் போடுவார். பனியைவிடச் சூடான போர்வை கிடையாது என்பார். மைனஸ் முப்பத்தைந்தில் நின்றுகொண்டு சொல்வார்.

எங்கள் பக்கத்தில் ரோஜா வைக்க நினைப்பவர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். மணக்க வேண்டும், ஜூன் முதல் உறைபனி வரை பூத்துக்கொண்டே இருக்க வேண்டும், குளிர்காலத்தில் சாகக் கூடாது. ரோஜா பொதுவாக இரண்டைத்தான் தரும். பூத்துக் குலுங்குவது மணக்காது. மணப்பது ஜனவரியைத் தாண்டாது. தாண்டுவது ஜூன் மாதம் இரண்டு வாரம் பூத்துவிட்டு மீதி வருஷம் வெறும் முள்ளாக நிற்கும். மூன்றும் வேண்டும் என்று வருகிறவர்களை, கலிஃபோர்னியாவில் வீடு பாருங்கள் என்று ஆர்லின் அனுப்பிவைப்பார். ஆனாலும் வருவார்கள். ஆர்லின் ஒரு ரோஜாவை மணக்கும் என்று சொன்னால் அது மணந்தது. ஊருக்கே அவர்தான் மூக்கு.

அந்த மூக்கு பத்தொன்பது வருஷமாக வேலை செய்யவில்லை.

ஐம்பத்தொன்றாவது வயதில், ஒரு ஜனவரிக் காலையில், லாரியின் படியில் கால் வைத்தபோது பனிக்கட்டி வழுக்கிப் பின்மண்டை தரையில் பட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. தலைவலி போய்விட்டது. நான்காம் நாள் வீட்டில் காப்பி குடித்தபோது அது கசக்கிற வெந்நீராக இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கில் இருந்தன. மற்றதெல்லாம் போயிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை, மனைவி வெர்னாவிடம்கூட. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று தெரிந்தால், சபைப் பெண்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் பாத்திரத்தில் சூடான பதார்த்தம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே மாதிரியான பதினான்கு பாத்திரம். முகர முடியாதவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று அவர் பின்னால் கேட்டார். அந்த வசந்தத்தில் முதல் ரோஜாவை நட்டார்.

இதுதான் எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. மூக்கு இருந்தவரை உருளைக்கிழங்கு போட்டவர், மூக்கு போனபின் ரோஜாவுக்கு மாறியது ஏன்? கேட்டதற்கு, நரிக்குப் பொறி வைக்கிறவன் எத்தனை இடத்தில் வைப்பான் என்று திருப்பிக் கேட்டார். முகரும் சக்தி என்றைக்காவது திரும்பி வந்தால் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியாது. அதனால் புதைப்பதும் புதைக்காததுமாக எழுபது இடத்தில் வைத்திருந்தார். காலையில் வரிசையாகப் போய் ஒவ்வொன்றிலும் குனிந்து பார்ப்பார். பார்க்கிறவர்கள், என்ன ஒரு ரசிகன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எது மணக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஜனவரியில் வரும் நர்சரிப் புத்தகங்களை அவர் நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறடிப் பனி நிற்கும்போது மனிதன் எதையும் நம்புவான் என்று அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லா ரோஜாவும் மணக்கும் என்றே போட்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கலாம் என்றால், எங்கள் ஊர் முகங்களில் அறுவடையும் தீவிபத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். “பரவாயில்ல” என்றால் பிரமாதம். “வித்தியாசமா இருக்கு” என்றால் நாசம். ரோஜாவை முகர்ந்துவிட்டு எல்லோரும் பரவாயில்லை என்றார்கள்.

ஆகவே அவர் குனிவதை எண்ணத் தொடங்கினார். முதல் குனிவு மரியாதைக்கு. வீட்டுக்காரன் பார்க்கிறான், குனியத்தான் வேண்டும். ஆனால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து ஒருவர் அதே செடிக்குத் திரும்பிவந்து இரண்டாம் தடவை குனிந்தால், அது பொய் சொல்லாது. ஆர்லின் கராஜ் ஜன்னலுக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்று பார்ப்பார். இரண்டாவது குனிவு ஒவ்வொன்றுக்கும் அந்தச் செடியின் பெயர்க் குச்சியில் பேனாக்கத்தியால் ஒரு வெட்டு. வெட்டு அதிகம் விழுந்த செடியை ஊருக்குச் சொல்வார். பதினெட்டு வருஷம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பத்தொன்பதாவது வருஷம் தேவாலயம் அவரிடம் வந்தது. பக்கச் சுவரை ஒட்டி, முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலிகள் வரும் சாய்தளத்தின் ஓரமாக, நாற்பது ரோஜாச் செடிகள் வேலியாக வைக்கப்போகிறார்கள். ஒரே வகை. மணக்க வேண்டும், கோடை முழுக்கப் பூக்க வேண்டும், புதைக்கக் கூடாது. அக்டோபரில் நாற்பது செடியைச் சாய்க்கிற இடுப்பு எங்கள் சபையில் யாரிடமும் மிச்சமில்லை. இதற்கான குழுவுக்குத் தலைவி லவோன் ஸ்கார்ஸ்டாட், பள்ளிக்கூடச் சமையலறையை இருபத்தாறு வருஷம் நடத்தியவர், ஆர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய கணவர் கிளிஃப்டன் அந்த முதியோர் இல்லத்தில்தான் இருந்தார். இரண்டு வருஷமாகக் கண் தெரியாது. லவோன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகளைப் படிக்கும்போது முதலாவதை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

ஆர்லினுக்கு அது போதும். இதுவரை ஒரு வீட்டு வாசலில் ஒரு செடி தப்பாகப் போனால் பிடுங்கிவிடலாம். இது நாற்பது செடி, முப்பது வருஷம் நிற்கப்போவது, கண் தெரியாத ஒரு மனிதர் தினமும் அதன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகப்படுவார். மணக்காத வேலி அவருக்கு வெறும் சுவர்.

புதைக்காமல் பிழைக்கக்கூடியவை, அந்த அறுபத்திரண்டு போக, அவர் தோட்டத்தில் எட்டு. கோடை முழுக்கப் பூப்பவை அதில் இரண்டு. ஒன்று வில்லியம் பாஃபின்: ஆள் உயரத்துக்கு மேல் போகும், கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பு, தபால்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்ப்பார். இன்னொன்று ஹான்சா: சுருங்கிய இலை, உடம்பெல்லாம் முள், ஊதா கலந்த சிவப்பில் தலை தொங்கும் பூ. நட்டு வருஷம் இரண்டு ஆகியும் ஹான்சாவின் குச்சியில் சொல்லும்படி வெட்டு இல்லை. தோட்டத்தின் மூலையில், குப்பைக் குழிக்குப் பக்கத்தில் இருந்தது அதன் பாவம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த ஆர்லின் ஓர் ஏற்பாடு செய்தார். மூலைக்குப் பாதை வெட்டி, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையையே காப்பிக்கு அழைத்தார். வெர்னா மூன்று தட்டு எலுமிச்சை கேக் செய்தாள். ஆர்லின் கராஜுக்குள் போய்விட்டார்.

முந்தின இரவு மழை. பாஃபினில் நூறு பூ. ஹான்சாவில் எல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு பூ. கணக்குப்படி பார்த்தால் ஒன்று போதும். மூக்கு ஒன்றுதானே என்று அவர் நினைத்தார்.

ஐம்பத்துமூன்று பேர் வந்தார்கள். பாஃபினுக்குப் பதினேழு இரண்டாவது குனிவுகள். ஹான்சாவின் அந்த ஒரு பூவிடம் எல்லோரும் ஒரு முறை குனிந்தார்கள், சட்டென்று நிமிர்ந்து விலகினார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. லவோன் மட்டும் மறுபடி பாதையில் பாதி தூரம் வந்து, பின்னால் யாரோ வருவதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் குழு கூடியது. ஆறு பேர், காப்பி, நடுவில் வெர்னா அனுப்பிய எலுமிச்சை கேக். ஆர்லின் எழுந்து, வில்லியம் பாஃபின் என்றார்.

காப்பி ஊற்றப்பட்டது. பாஸ்டர், அது சுவாரஸ்யமான யோசனை என்றார். பொருளாளர் ஹார்லன், உயரமான செடி என்றார். கடைசியில் லவோன் வாய் திறந்தார்.

“வித்தியாசமாத்தான் இருக்கும் ஆர்லின்.”

முப்பத்தொரு வருஷம் இருட்டில் சாலையைப் பார்த்து ஓட்டியவர் அவர். பனிக்கட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் சத்தம் மாறும். அந்த அறையில் சத்தம் மாறியிருந்தது. தப்பு நடந்திருக்கிறது. ஆனால் எங்கே? எண்ணிக்கையில் தப்பில்லை. பதினேழு, பூஜ்யம். ஆர்லின் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கேக் தட்டைப் பார்த்தார்.

தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹார்லன் கத்தியால் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை வைத்தார். பிறகு பாஸ்டர் மீதியில் பாதியை எடுத்துக்கொண்டார். இன்னும் ஒருவர். துண்டு கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது, இனி அதைத் தொட ஆளில்லை. எங்கள் ஊரில் தட்டிலிருக்கும் கடைசித் துண்டை எடுத்தவன் இன்னும் பிறக்கவில்லை. நாளைக் காலை அது காய்ந்து, யாரும் பார்க்காதபோது குப்பைக்குப் போகும்.

அந்தப் புதரில் ஒரே ஒரு பூ.

ஆர்லின் மெதுவாக உட்கார்ந்தார். எத்தனை கூட்டங்களில் அவரே கடைசித் துண்டைப் பாதியாக வெட்டியிருக்கிறார். ஐம்பத்துமூன்று பேரும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் விலகினார்களோ, அவ்வளவு மணந்திருக்கிறது. பாஃபினிடம் பதினேழு பேர் திரும்பி வந்தது, மணம் எங்கே என்று தேடித்தானோ என்னவோ.

அப்போது அவர் செய்ததை அந்த அறையில் யாரும் அதற்கு முன் செய்ததில்லை. நேராகக் கேட்டார்.

“லவோன், ரெண்டுல எது மணக்குது? எனக்குத் தெரியாது. மூக்கு செத்துப் பத்தொம்பது வருஷமாச்சு.”

மேஜையைச் சுற்றி எல்லோரும் தங்கள் தங்கள் காப்பியைப் பார்த்தார்கள்.

“அது தெரியும்ப்பா,” என்றார் லவோன்.

“என்ன தெரியும்?”

“ஸ்கங்க்.”

அந்தக் கதையை இத்தனை வருஷமும் ஊரில் எல்லோரும் அறிவோம், ஆர்லினைத் தவிர. கீழே விழுந்த அதே வருஷம், வெர்னா பெமிட்ஜியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம், அவர் வீட்டுப் படிக்கட்டின் கீழே ஒரு ஸ்கங்க் குடியேறியிருந்தது. பூனை அளவு, முதுகில் வெள்ளைக் கோடு. மிரண்டால் வாலைத் தூக்கிப் பீய்ச்சும், அந்த நாற்றத்தில் பட்ட துணியை எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் மாட்டியிருந்த கோட்டில் அது பீய்ச்சியிருந்தது. ஆர்லின் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து இடம் மாறுவது அவமரியாதை என்பதால் சபையில் ஒருவரும் அசையவில்லை. ஒரு மணி பத்து நிமிஷம். பழைய பாஸ்டர் அன்றைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கினார், கண்ணீரோடு.

“அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?” என்றார் ஆர்லின்.

“மணம் எங்களுக்கே தெரியுமே. எது குளிரைத் தாங்கும்னு உனக்குத்தான தெரியும். நீ ரெண்டாக் கொறச்சுக் கொண்டுவந்து நிறுத்துவ, மிச்சத்த நாங்க முகத்துலயே காட்டிடலாம்னு நெனச்சோம்.”

“உங்க முகத்துலயா?” என்றார் ஆர்லின்.

லவோன் தன் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “ஹான்சா,” என்றார். “ஹான்சாதான். தெருமுனை வரைக்கும் மணக்குது.”

ஆர்லின் தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, தட்டிலிருந்த அந்தக் கடைசி நகமளவு கேக்கை எடுத்து, ஆறு பேர் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பும் இனிப்பும் இருந்ததாம். ஹார்லன் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

வீட்டுக்குப் போனதும் வெர்னாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை.

“நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமே தெரியும். ஒரு நாள் மெஷின்ல காப்பி தீஞ்சு போச்சு. வீடு பூரா கருகல் நாத்தம். ஒரு மொடக்கு குடிச்சிட்டு, காப்பி பரவாயில்லன்னு சொன்ன.”

“ஏன் சொல்லல?”

“நீயும் சொல்லலையே.”

ஹான்சா இரண்டாவது கோடையில் வேலியாகிவிட்டது. தலை தொங்குகிறது, முள் குத்துகிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கிறது. ஆர்லின் குச்சியில் வெட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது சாய்தளத்தின் பக்கத்தில் நின்று, குனிகிறவர்களிடம் எதைப் போல மணக்கிறது என்று நேராகவே கேட்கிறார். பதில் சொல்லிப் பழக்கமில்லாததால் அவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். பாஸ்டர் கிராம்பு என்றார். ஹார்லன் மூன்று நாள் யோசித்து, கிறிஸ்துமஸ் ஹாம், அதாவது கிராம்பு குத்திச் சுடுகிற பன்றிக்கறி, என்று வந்து சொன்னார். வெர்னா, ரோஜா மாதிரிதான் என்று முடித்துக்கொண்டாள். நர்சரிப் புத்தகங்களே தேவலை என்று ஆர்லினுக்குப் படுகிறது.

போன ஆகஸ்டில் லவோன் கிளிஃப்டனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பூவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மற்றவர்களின் முகம் பார்க்க முடியாது என்று ஆனபிறகு கிளிஃப்டன் மரியாதை பார்ப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு தடவை முகர்ந்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்து இன்னொரு தடவை முகர்ந்தார். ஆர்லின் வழக்கம்போல் கேட்டார்.

“பல்லு டாக்டர்,” என்றார் கிளிஃப்டன். “கடவாப்பல்லு பிடுங்கினாரே, அன்னிக்கு வச்ச பஞ்சு. இதையா லவோன் இங்க நட்டு வச்சிருக்கீங்க?”

லவோன் நாற்காலியை நகர்த்தவில்லை. ஆர்லின் ஜேபிக்குள் கையை விட்டார். பேனாக்கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கிளிஃப்டன் மூன்றாவது தடவை குனிந்தார்.