ஒரு நாள் முன்னாடி வந்து இறங்கிய சந்திரயான்

தினமும் காலையில காலண்டர் தாளைக் கிழிச்சு, அதுல இருக்கிற "வரலாற்றில் இன்று" சேதியை நான் இங்க போடறதுக்காகவே பாதி கடலூர் காத்திருக்குது. தெரியும்.

அன்னிக்குக் காலையில காலண்டர்ல ஆகஸ்ட் இருபத்திமூணு. சந்திரயான் நிலாவுல இறங்குன நாள்.

அக்கா மகனுக்கு முப்பத்தஞ்சாவுது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போச்சு. இருபத்திமூணாந்தேதி பொண்ணு பார்க்க வர்றோம்னு சிதம்பரத்துல ஒரு வீட்டுக்குச் சொல்லியிருந்ததால, பூ, பழத்தோட ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டோம்.

பொண்ணோட அப்பா கைலியைக் கட்டிக்கிட்டு, சுண்ணாம்பு பிரஷ்ஷோட வந்து கதவைத் திறந்தார்.

"நாளைக்குத்தானே வர்றதா சொன்னீங்க?"

"இன்னிக்குத்தாங்க சந்திரயான் இறங்குன நாள்"னு அவருக்கு வரலாற்றை விளக்கினேன்.

தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டிருந்த பொண்ணு, உள்ளேருந்து வந்து போனைக் காட்டுச்சு. இருபத்திரெண்டு. நான் ரெண்டு தாளைச் சேர்த்துக் கிழிச்சிருக்கேன்.

அக்கா மகன் முகம் செத்துப்போச்சு. இதுவும் போச்சுன்னு பையை எடுத்துட்டான்.

"சந்திரயானும் வந்த உடனே இறங்கிடல மாமா" என்றது பொண்ணு. "முன்னாடியே வந்து மேலயே சுத்திக்கிட்டுதான் கெடந்துது. நீங்களும் நாளைக்கு இறங்குங்க."

பையன் சிரிச்சுட்டான். பொண்ணும் எண்ணெய் வடியற முகத்தோட சிரிச்சுது.

திரும்புற பஸ்ல, "நாளைக்குப் போயி பேசி முடிச்சுடு மாமா"ன்னான். மறுநாள் போயி முடிச்சுட்டேன்.

நாள் பார்த்துப் போய் சம்பந்தம் முடிச்சவங்க ஊருக்குப் பத்து பேர் இருப்பாங்க. நாள் தவறிப் போய் முடிச்சவன், என்னைத் தவிர நம்ம மாவட்டத்துல யாராவது இருந்தா கமெண்ட்ல வரலாம்.