முப்பத்தொன்றாம் அட்டை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். பத்து வருஷம் ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன், இருட்டெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இது நடந்ததோ பட்டப்பகலில். நீங்கள் நம்பாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

முதுகுவலி வந்து கம்பெனியை விட்டபிறகு, எங்கள் ஊர்ப் பக்கம் தோண்டியெடுத்த பழம்பொருட்களை வைத்திருக்கும் சின்ன மியூசியத்தில் வாசல் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்கள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி அனுப்ப வேண்டும். அதை மாட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றால், மேலே இருக்கும் ஸ்பீக்கர் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றித் தானாகப் பேசும், தள்ளிப்போனால் பாதியில் நின்றுவிடும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது என் மேஜைத் திரையில் தெரியும். போகிற தலை, வருகிற தலையை எண்ண வாசலில் தனியாக ஒரு கருவி.

சனிக்கிழமைகளில் என் மகள் பவி கூடவே வருவாள். ஒன்பது வயது. முப்பத்தொன்றாம் அட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு நேரே ஆறாம் பெட்டிக்குப் போவாள். அதில் அந்தக்காலப் பிள்ளைகள் விளையாடிய சுடுமண் சில்லு இருக்கிறது. "நான் பாண்டி ஆடுற சில்லு மாதிரியே கீதுப்பா" என்பாள். அட்டையை வீட்டுக்குக் கேட்பாள், "கணக்கு குறையும்டி, குடு" என்று பிடுங்கி வைப்பேன். கிளம்பும்போது "ஏறிட்டியா?" என்று கேட்டு, அவள் என் முதுகில் தட்டினால்தான் பைக்கை எடுப்பேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். புதைக்கும்போது அந்த அட்டையை அவள் கையில் வைத்து மூடினேன். பிள்ளை கேட்டபோதே கொடுத்திருக்கலாம்.

சாயங்காலமானால் திரையில் 'வராத அட்டை 31' என்று வரும். கம்பெனியில் பஸ் லேட்டான ஆளுக்கு நாங்களே கார்டு பஞ்ச் பண்ணிவிடுவோம், அந்தப் பழக்கத்தில் தினமும் 'வந்தது' என்று நானே அமுக்கிவிடுவேன். நாலு மாசம் ஓடியது. அப்புறம் சூப்பர்வைசர் போனில் பிடித்துவிட்டார்.

"இன்னாண்ணே, முப்பத்தொண்ண யாருக்குமே குடுக்கலையே. தொலைஞ்சிட்ச்சா?"

"கீது சார்."

"நாளைக்கு வந்து பாக்கறேன். இல்லன்னா நம்பர தூக்கிடுவேன்."

எனக்கு அவளையே இன்னொரு தடவை புதைக்கிற மாதிரி இருந்தது. மூன்று மணி, காலந்தப்பின மழை, உள்ளே ஒருவரும் இல்லை. அப்போதுதான் ஆறாம் பெட்டி ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. திரையைப் பார்த்தேன், பெட்டி ஆறு, அட்டை முப்பத்தொன்று. சார்ஜ் போடாவிட்டால் அந்த அட்டை நாலு நாள்கூடத் தாங்காது. எழுந்து போய்ப் பார்த்தால் ஆளில்லை, ஸ்பீக்கர் மட்டும் முழுசாகச் சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அவளும் அப்படித்தான் நகராமல் மூன்று தடவை கேட்பாள்.

"வாம்மா, வூட்டுக்குப் போலாம். அம்மா தேடுவா" என்றேன், அது எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. ஸ்பீக்கர் பாதியில் நின்றது. மேஜைக்கு ஓடிவந்தால் திரையில் 'அட்டை 31 வந்தது'. நான் அமுக்கவில்லை.

பெற்ற பிள்ளைக்குப் பயந்தேன், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, மழையிலேயே பைக்கை முறுக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து நம்பரை எடுத்துவிட்டார். முந்தின நாள் வாசல் கணக்கைப் பார்த்து, மிஷின் ரிப்பேர் என்று எழுதிக்கொண்டார். உள்ளே போனது என்னோடு சேர்த்துப் பத்துத் தலை. வெளியே வந்தது பதினொன்று. கடைசி இரண்டும் ஒரே நேரத்தில், நான் கதவைப் பூட்டிய நேரத்தில்.

அப்புறம் ஆளில்லாமல் அந்த ஸ்பீக்கர் பேசவே இல்லை. நான் கூப்பிட்டேன், அவள் என்னோடு வெளியே வந்திருக்கிறாள். இப்போதெல்லாம் தினமும் "ஏறிட்டியா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் நின்றுதான் வண்டியை எடுக்கிறேன். அன்றைக்கு மட்டும் கேட்காமல் எடுத்துவிட்டேன்.